அம்மா உதடு அசையுது

ஊருக்கெல்லாம் செல்லமான ஒரு நாயகி இருந்தாள். அவள் சிரித்தால் தியேட்டரே சிரிக்கும். அவள் விம்மினால் முன்வரிசையில் விசிலடிப்பவன்கூட மூக்கை உறிஞ்சுவான். கண்ணீர் அவளுடையதுதான், அதில் சந்தேகம் வேண்டாம். விம்மல் மட்டும் வேறொருத்தியுடையது. அந்த வேறொருத்தியை ஒலிப்பதிவுக் கூடங்களில் எல்லோரும் வாய்ஸக்கா என்று கூப்பிட்டார்கள்.

நாயகிக்கு நம் பாஷையில் 'வா', 'போ', 'சாப்பிட்டாச்சா' ஆகிய மூன்றுக்கு மேல் தெரியாது. வசனத்தைத் தன் எழுத்தில் எழுதிவைத்து ஒப்பிப்பாள். மறந்துபோனால் கொஞ்சமும் கூச்சப்படாமல் தன் பாஷையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிடுவாள். காதலனை உதறிவிட்டுப் போகிற உருக்கமான கட்டத்தில் ஒருமுறை பதினேழு வரைக்கும் எண்ணினாள். அந்தப் பதினேழுக்குள் ஒரு பெண்ணின் மனசு முழுவதையும் அடைத்து, உதட்டசைவுக்கு மயிரிழை முன்பின் இல்லாமல் பொருத்துவது வாய்ஸக்காவின் வேலை. 'லிப் உட்கார்ந்துடுச்சு' என்று சவுண்டு இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைத் தூக்கினால் அடுத்த துண்டு ஓடும். இப்படிப் பதினோரு படம் பேசியாயிற்று. நாயகி பேசுவதற்கு முன் கீழுதட்டை ஒரு பக்கமாக இழுப்பாள், மூச்சை மூக்கால் வாங்குவாள், கோபம் வந்தால் வாய் அரை நொடி தாமதித்துத்தான் திறக்கும். அதெல்லாம் நாயகியைப் பெற்றவளுக்குக்கூடத் தெரிந்திருக்காது. வாய்ஸக்காவுக்குத் தெரியும்.

வாய்ஸக்கா மேடையிலிருந்து வந்தவள். நாடகத்தில் ராணியாக நின்று பேசினால் கடைசி பெஞ்சு வரைக்கும் மைக் இல்லாமல் கேட்கும். இருபத்திமூன்று வயதில் சினிமாவுக்கென்று டெஸ்ட் எடுத்தார்கள். பார்த்துவிட்டு ஒரு பெரிய மனுஷன், குரல் தங்கம், மூஞ்சி கேமராவுக்கு ஒத்துவராது என்றார். அவர் மூஞ்சி என்ன லட்சணம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். தங்கக் குரலை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு ஆளை இருட்டு அறையில் நிறுத்திவிட்டார்கள். அப்போது போனவள்தான், இருபத்துநாலு வருஷமாக வெளியே வரவில்லை.

அவளுடைய கணவரும் அதே நாடகக் கம்பெனிக்காரர். ராஜா வேஷம் அவருக்கு. கம்பெனி மூடியபிறகு மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளராகச் சேர்ந்து, கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம் ராஜகம்பீரமாக, 'இந்தப் பிரேம் தங்கள் திருமுகத்துக்கு எடுப்பாக இருக்கும்' என்று சொல்லிப் பிழைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகுட்டி இல்லை. வீட்டில் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டையென்று நினைத்துக் கதவைத் தட்டுவார்கள். இரண்டு பேருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது.

இப்போது அவளுக்கு நாற்பத்தேழு. போன படத்தில் நாயகி மலை உச்சியில் நின்று கத்துகிற இடத்தில் இன்ஜினியர் மூன்று தடவை நிறுத்தினார். அப்புறம் உள்ளே வந்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, "மேல போறப்ப கொஞ்சம் வயசு தெரியுதுக்கா" என்றார். நல்ல மனுஷன், சொல்லவே கஷ்டப்பட்டார். வாய்ஸக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இன்னும் ஒரு வருஷம், மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்கப்புறம் நாயகிக்கு வேறு குரல் வந்துவிடும். இவளுக்கு என்ன வரும்? குரலை வைத்தே வாழ்ந்தவளுக்குக் குரல் போனால் இருட்டு அறைகூட மிஞ்சாது.

அந்தச் சமயத்தில்தான், பேசிக்கொண்டிருந்த படத்தின் டைரக்டர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். சின்ன வயசுக்காரர், இரண்டாவது படம். நாயகியின் அழுகையை வாய்ஸக்கா பேசிக்கொண்டிருந்தாள். திரையில் நாயகி கிளிசரின் போட்டு அழுதாள், இங்கே இவள் ஒன்றும் போடாமல் அழுதாள். டைரக்டர் திரையைப் பார்க்கவே இல்லை. பேசி முடித்து வெளியே வந்ததும், தன் அடுத்த படத்தில் நாயகிக்கு அம்மா வேஷம் இருக்கிறது, நீங்கள் நடிக்க வேண்டும் என்றார். அவள் பின்னால் திரும்பி யாரிடம் சொல்கிறார் என்று பார்த்தாள்.

நான்கு நாள் வேலை. மூன்று நாள் சும்மா நடக்கிறதும் கதவைத் திறக்கிறதும். நாலாவது நாள்தான் விஷயம். மகள் வீட்டை விட்டுப் போகிறேன் என்று வந்து நிற்கிறாள், அம்மா துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். மகள் ஒரு பக்க வசனத்தைப் பேசித் தீர்ப்பாள். அம்மாவுக்கு இரண்டே வரி: "போறவ போ. ஆனா திரும்பி வர்றப்ப கதவைத் தட்டிக்கிட்டு நிக்காதே, திறந்தேதான் இருக்கும்." படமே அதில்தான் நிற்கிறது என்றார் டைரக்டர். இது சரியாக வந்துவிட்டால் அம்மா வேஷத்துக்குக் குறைவே இல்லை, அறுபது, எழுபது வயது வரைக்கும் அம்மாதானே என்றும் சொன்னார்.

அதைக் கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எழுபது வயது வரைக்கும்! சமையலறையில் கணவர் மகளாக நின்றார், அடுப்பு பக்கம் திரும்பி இவள் அம்மாவாக நின்றாள். மீசை வைத்த மகள் 'நான் போறேம்மா' என்று கொஞ்சிக்கொண்டு சொன்னதில் முதல் நாலு தடவை இருவரும் சிரித்தே வீணடித்தார்கள். ஐந்தாவது தடவை அவள் அந்த இரண்டு வரியைச் சொன்னபோது அவர் வேஷத்தை மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்தா, இத மட்டும் இப்படியே சொல்லிடு. அப்புறம் எவன் உன்னை இருட்டுக்குள்ள அனுப்பறான்னு பாக்கலாம்" என்றார்.

நாலாவது நாள் வந்தது. செட்டில் ஒரு அறை, கட்டில், திறந்த அலமாரி, மடிக்காத துணிக் குவியல். நாயகி வந்ததும் ஓடிவந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு படமாக இவள் வாயால் பேசுகிறவள், நேரில் பார்த்தது இரண்டு தடவைதான். 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டாள். நல்ல பெண்தான், அவளைக் குறைசொல்ல நமக்கு ஒன்றுமில்லை.

ஒத்திகையில் யாருக்கும் எதுவும் தப்பாகப் படவில்லை. கேமரா ஓட ஆரம்பித்தது. நாயகி கீழுதட்டை ஒரு பக்கமாக இழுத்தாள், மூச்சை மூக்கால் வாங்கினாள், பேச ஆரம்பித்தாள். மூன்று வரிகூட ஆகவில்லை, டைரக்டர் நிறுத்திவிட்டார். என்ன என்று கேட்டதற்குக் கேமராமேன் கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"அம்மா உதடு அசையுது."

வாய்ஸக்காவுக்கு முதலில் புரியவில்லை. யார் அம்மா, யார் உதடு? மானிட்டரில் போட்டுக் காட்டினார்கள். மகள் பேசுகிறாள். எதிரே துணி மடிக்கிற அம்மாவின் உதடு, மகளுடைய ஒவ்வொரு எழுத்துக்கும் சத்தமில்லாமல் கூடவே அசைகிறது. கீழுதடு ஒரு பக்கமாக இழுபடுவதுகூட அப்படியே இருந்தது. லிப் அவ்வளவு சுத்தமாக உட்கார்ந்திருந்தது. செட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அவள் மன்னிப்புக் கேட்டாள். இனி வராது என்றாள். வந்தது. நாயகியின் வாய் திறந்தால் இவள் வாயும் திறந்தது, அது அவள் கையில் இல்லை. நாயகியின் முகத்தைப் பார்க்காமல் துணியைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாள், மூச்சு வாங்கும் சத்தம் கேட்டதுமே உதடு புறப்பட்டுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள், அப்போது அம்மா மகளை அடிக்கப்போகிறவள் மாதிரி இருந்தாள். உடை கவனிக்கிற பெண்மணி ஒரு யோசனை சொன்னார். துணி மடிக்கிறவள்தானே, வாயில் ஒரு துணிக் கிளிப்பைக் கவ்விக்கொள்ளட்டும். கவ்வினாள். கிளிப் ஆடியது. ஒன்பதாவது டேக்கில் கேமராமேன் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

டைரக்டர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. அவளைத் தனியே கூப்பிட்டு, அம்மா அலமாரியைப் பார்த்து நிற்கட்டும், முதுகை மட்டும் காட்டுவோம், மகளின் முகம் நமக்குத் தெரியும், அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு அந்த இரண்டு வரியைச் சொல்வது இன்னும் ஆழமாக இருக்கும் என்றார். "முதுகு பேசும்க்கா" என்றார். முதுகு பேசுமாம்! இருபத்துநாலு வருஷம் காத்திருந்து வெளியே வந்தவள் கடைசியில் சுவரைப் பார்த்து நின்றாள். மகள் போனபிறகு அவள் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு ஷாட் மட்டும் எடுத்தார்கள். வசனம் கிடையாது, இரண்டு நொடி.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். கிளிப் கதையைச் சொல்லும்போது சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், பாதியில் அழுதுவிட்டாள். அவர் ஆறுதல் சொன்னார். குரல் இருக்கிறதே, முதுகு பக்கத்திலிருந்து வந்தாலும் உன் குரல் உன் குரல்தானே என்றார். அவளும் அதைத்தான் பிடித்துக்கொண்டாள். முகம் போனால் போகட்டும். என் உடம்பு, என் குரல், இரண்டும் ஒரே இடத்தில், ஒரே ஒரு தடவை.

இரண்டு மாசம் கழித்து டப்பிங். வழக்கம்போல நாயகிக்கு அவளே பேசினாள், அம்மாவுக்கும் அவளே பேசினாள். இன்ஜினியர் இரண்டையும் சேர்த்து ஓட்டினார். ஓடி முடிந்ததும் மறுபடி ஒரு தடவை ஓட்டினார். மகளும் அம்மாவும் ஒரே ஆள் தனக்குத்தானே புலம்புகிற மாதிரி இருந்தது. அம்மா குரலைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தாள், தடிப்பாக்கிப் பார்த்தாள். தெரிந்த காது எதையும் தெரியாதென்று சொல்லாது. டைரக்டர் தலையைச் சொறிந்துகொண்டார். கடைசியில், ரெண்டுல ஒண்ணு நீங்களே எடுத்துக்கோங்கக்கா, இன்னொண்ணுக்கு ஆள் பார்த்துக்கறோம் என்றார்.

நாயகியின் குரலை விட்டால் இந்தப் பன்னிரண்டாவது படத்தோடு அந்தக் குரல் வேறொருத்தி கைக்குப் போய்விடும், அப்புறம் திரும்பாது. அம்மாவின் குரலை விட்டால் நாலு நாள் நடித்ததில் இரண்டு நொடியும் ஒரு முதுகும்தான் மிச்சம். இதற்கிடையில் டைரக்டரின் நண்பர் ஒருவர், அவரும் டைரக்டர்தான், படத்தின் துண்டுகளைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தார்: என் கதையில் அம்மா முதலிலிருந்து கடைசி வரைக்கும் வருகிறாள், இவங்க சொந்தக் குரல்ல எப்படி இருக்காங்கன்னு கேட்டுட்டு முடிவு பண்றேன். முழுப்படம். முகம், குரல், எல்லாம். இந்தப் பக்கம் ஒன்றிரண்டு வருஷம்தான், அந்தப் பக்கம் எழுபது வயது வரைக்கும்.

மறுநாள் காலையில் கணவர் கடைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "உன் பொருளை நீ எடுத்துக்கறதுக்கு யார்கிட்ட கேக்கணும்?" என்றார். அவள் அம்மாவை எடுத்துக்கொண்டாள். நாயகிக்குப் பேசக் கல்லூரி முடித்த ஒரு பெண் வந்தாள். சுத்தமான குரல், தப்புச் சொல்ல முடியாது. வாய்ஸக்கா அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, தன் இரண்டு வரியை மட்டும் பேசிவிட்டு வந்தாள். ஒரே டேக்கில் முடிந்தது. இன்ஜினியர் கட்டைவிரலைத் தூக்கவில்லை, எழுந்து நின்றார்.

படம் வெளியாவதற்கு முன் சினிமாக்காரர்களுக்கு மட்டும் ஒரு காட்சி போட்டார்கள். அந்த இரண்டு வரி வந்தபோது அறையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. நண்பர் டைரக்டர் அவளைத் தேடி வந்து கையைப் பிடித்து, அடுத்த மாசம் ஷூட்டிங், வேறு எதுவும் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்றார். வேறு எது வரப்போகிறது என்று அவள் சொல்லவில்லை. இருபத்துநாலு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

இங்கேதான் எல்லோரும் கோட்டைவிட்டார்கள். அந்த அறையில் இருந்தவர்கள் பூராவும் தொழில்காரர்கள். அவர்களுக்கு அது வாய்ஸக்காவின் குரல். வாய்ஸக்கா நடிக்கிறாள், வாய்ஸக்காவின் குரல் வருகிறது, இதில் என்ன இருக்கிறது? தெருவில் போகிற ஒருத்தனை உள்ளே உட்காரவைத்திருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பான். ஒருத்தனையும் உட்காரவைக்கவில்லை.

படம் வெளியான முதல் நாள் மதியக் காட்சிக்கு அவளும் கணவரும் போனார்கள். அவர் கடையில் லீவு சொல்லியிருந்தார். நடு வரிசையில் இடம். படம் ஆரம்பித்த பத்தாவது நிமிஷத்திலேயே ஜனங்கள் நெளிய ஆரம்பித்தார்கள். நாயகி வாயைத் திறந்தால் புதுக் குரல் வந்தது. பின்னால் ஒருத்தி, குரல் ஏன் இப்படி இருக்கு, சளி பிடிச்சிருக்கா என்று கேட்டாள். ஒரு மணி நேரமாக அந்தக் கூட்டம் முழுவதும் காணாமல்போன ஒரு குரலைத் தேடிக்கொண்டிருந்தது. அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. மனுஷிதானே.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. மகள் பேசித் தீர்த்தாள். திரை பூராவும் நாயகியின் முகம், வாய் மூடியிருக்கிறது, கண் நிறைந்திருக்கிறது. ஓரத்தில் அலமாரியைப் பார்த்து ஒரு முதுகு. "போறவ போ" என்று வாய்ஸக்காவின் குரல் வந்தது.

வாய் மூடியிருக்கிற நாயகியின் முகத்திலிருந்து, பதினோரு படமாக ஊருக்குத் தெரிந்த நாயகியின் குரல். முன்வரிசையில் ஒருவன் எழுந்து, "டேய், குரலை அம்மாகிட்ட விட்டுட்டு வந்துட்டாடா" என்று கத்தினான்.

தியேட்டர் இடிந்துவிழுகிற மாதிரி சிரித்தது. இரண்டாவது வரி வந்ததே யாருக்கும் தெரியாது. கதவு திறந்திருக்கும் என்றதெல்லாம் விசிலில் அடிபட்டுப்போனது. சவுண்டை மாத்திப் போட்டுட்டான் என்று ஆபரேட்டரைத் திட்டினார்கள். முதுகு திரும்பி அந்த இரண்டு நொடி முகம் வந்தபோது கூட்டம் கைதட்டி இன்னொரு தடவை சிரித்தது. அவள் முகத்தைத் திரையில் முதன்முதலாக ஆயிரம் பேர் பார்த்தார்கள், ஆயிரம் பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கணவர் எழுந்துவிட்டார். ஒரு காலத்தில் மைக் இல்லாமல் கூட்டத்தை அடக்கின தொண்டை அவருக்கு, இப்போதும் கத்துவதற்கு மூச்சை இழுத்துவிட்டார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது, திருடிப் பிடிபட்டவளுடைய வெட்கம். யாருடைய பொருளையோ எடுத்துக்கொண்டு வந்து நடுத்தெருவில் நிற்பதாக அவளுக்குத் தோன்றியது.

இடைவேளையில் டைரக்டரிடமிருந்து போன் வந்தது. எல்லாத் தியேட்டரிலும் இதே கதையாம். "என் தப்புக்கா. நமக்கெல்லாம் அது உங்க குரல். ஜனங்களுக்கு..." என்று சொல்லி முடிக்காமல் விட்டார். நாளைக் காலையில் கூடத்துக்கு வந்து நாயகிக்கு முழுப்படமும் அவளே பேசிக் கொடுக்க வேண்டும், அம்மாவுக்கு வேறு ஆளைப் பேசவைத்துக்கொள்கிறோம், இரண்டு நாளில் எல்லா இடத்திலும் மாற்றிவிடுவோம் என்றார். அவள் சரி என்றாள். நண்பர் டைரக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். அவர் வேறொருத்தரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாராம். படத்தில் அவள் எங்கே வாயைத் திறந்தாலும் ஜனம் சிரிக்கும், சாவு வீட்டில் அழுதால்கூடச் சிரிக்கும் என்று பயப்படுகிறாராம். அதில் தப்பு ஒன்றுமில்லை, அவள் அவருடைய இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

மிச்சப் படத்துக்கு உட்காராமல் இருவரும் கிளம்பினார்கள். வெளியே போகிற வழியை ஒரு குடும்பம் அடைத்துக்கொண்டு நின்றது. கணவர் தலையைக் குனிந்துகொண்டே வந்தார், முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அவளே, "கொஞ்சம் வழி விடும்மா" என்றாள்.

முன்னால் நின்ற பெண் சடாரென்று திரும்பினாள். முப்பது வயதிருக்கும், நாயகியின் படம் அச்சடித்த பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"அட, அப்படியே அவங்க குரல் மாதிரியே பேசறீங்களே. மிமிக்ரி பண்ணுவீங்களா?"

கணவர் வாயைத் திறந்தார். வாய்ஸக்கா அவர் கையை அழுத்தினாள்.

"கொஞ்சம் வரும்மா" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு வாயெல்லாம் பல். புருஷனைக் கூப்பிட்டாள், நாத்தனாரைக் கூப்பிட்டாள். போன படத்தில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஒரு வசனத்தைச் சொல்லி, ஒரே ஒரு தடவை பேசிக் காட்டுங்கக்கா என்று கெஞ்சினாள். வாய்ஸக்கா அங்கேயே, டிக்கெட் கிழித்துப் போட்டிருந்த தரையில் நின்று, பேசிக் காட்டினாள். அவளுக்கே தெரியாமல் கீழுதடு ஒரு பக்கமாக இழுபட்டது.

அந்தப் பெண் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் தீர்ப்புச் சொன்னாள்.

"முக்கால்வாசி அப்படியேதான்க்கா இருக்கு. அவங்ககிட்ட இருக்கற அந்த உயிர்தான் கொஞ்சம் கம்மி. இன்னும் நாலு படம் பாத்துப் பழகினீங்கன்னா வந்துடும்."

"சரிம்மா. பழகிக்கறேன்" என்றாள் வாய்ஸக்கா.